கசடும் காவலும்

நுழையும்முன்

நகரம் பயன்படுத்திய நீரின் பெரும்பகுதி கழிவுநீராக வெளியேறுகிறது. அதனைத் தூய்மை செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டுவிட்டோம். அந்நீரிலிருந்து பிரித்தெடுத்த கசடு என்னவாகிறது? அதை வயலுக்கு எருவாக இடலாமா? இடலாமெனில், எந்த உறுதியின்பேரில் இடுவது? செம்பரம்பாக்கம் ஏரியையும் அதன் மேற்கே விரிந்துள்ள தொழிற்பகுதியையும் முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

தலைமடையும் கடைமடையும்

பூவிருந்தவல்லியைக் கடந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலைக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி பரந்து கிடக்கிறது. அடையாற்றுக்கு நீர் தரும் ஏரி இது. இதன் ஆழம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஒரு காலத்தில் மதகுகளின் வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்ந்த இந்நீர், இன்று பெரும்பாலும் சென்னை மக்களின் குடிநீராகிறது. 2007ஆம் ஆண்டுமுதல் இங்கு இயங்கிவரும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மை செய்யும் திறன்கொண்டது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தின்போது இவ்வேரியின் பெயரைக் கேட்காதவர் தமிழ்நாட்டில் இருந்திருக்கமாட்டார்.

ஏரிக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று தொழிற்பூங்காக்கள் தொடர்கின்றன. மகிழுந்து, கைப்பேசி, கண்ணாடி, டயர் எனப் பலவும் இங்கு உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் தொழிலாளர்கள் பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கின்றனர். நாற்பது ஆண்டுகளுக்குமுன் ஏரியும் வயலுமாக இருந்த ஊர்கள் இவை. இன்றும் அந்த ஏரிகள் முற்றாக மறைந்துவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஆகிய ஏரிகள் நிரம்பி வழியும்போது அவற்றின் உபரிநீர் செம்பரம்பாக்கத்தை வந்தடைகிறது. உழவர் மொழியில் சொன்னால், தொழிற்பகுதி தலைமடையில் இருக்கிறது. பெருநகரின் குடிநீர் கடைமடையில் இருக்கிறது. தலைமடையில் ஓர் இரவில் ஒரு லாரி கொட்டிச் செல்லும் கழிவு, அடுத்த மழையில் எங்கே போய்ச் சேரும் என்பதை நிலப்படத்தைப் பார்த்தே அறியலாம்.

நீர் போன வழி

2019ஆம் ஆண்டுக் கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. சென்னையின் பிற குடிநீர் ஏரிகளும் வறண்டன. அதே ஆண்டில்தான் கோயம்பேட்டில் ஒரு புதிய நிலையம் பயன்பாட்டுக்கு வந்தது. சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் அமைத்த அந்நிலையம், வழக்கமான முறையில் ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை எடுத்து, வடிகட்டிகளாலும் நுண்சவ்வுகளாலும் மீண்டும் வடித்து, எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பையும் நீக்கி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நீரைத் தரவல்லது. அந்நீர் குழாய்கள் வழியே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகளுக்குச் செல்கிறது. கொடுங்கையூரில் அமைந்த இதே அளவுள்ள மற்றொரு நிலையத்தின் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. மணலியில் உள்ள உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலேயே நகரின் கழிவுநீரை வாங்கித் தூய்மை செய்து பயன்படுத்தத் தொடங்கியிருந்தன என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

இஃது எளிய செய்தியன்று. கோயம்பேட்டுக் கழிவுநீர் தூய்மையாகி ஒரகடத்தில் எந்திரங்களைக் குளிர்விக்கும்போது, அந்த அளவுக்கு ஏரிநீரும் நிலத்தடிநீரும் மக்களுக்கு மிஞ்சுகின்றன. நீரைப் பொறுத்தவரை, பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்தும் வட்டம் ஒருவாறு நிறைவுபெற்றுவிட்டது எனலாம்.

எஞ்சியது

கழிவுநீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதே முக்கால் பங்குக்கும் மேலாக இருப்பது நீரே. மீதமுள்ள சிறுபகுதிதான் அதனைக் கழிவாக்குகிறது. சிறுபகுதி என்று அதனைத் தள்ளிவிடவும் முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கழிவுநீரில் மிதக்கும் திண்மங்கள் 250 மில்லிகிராம் எனக் கொள்வோம். 4.5 கோடி லிட்டரில் அது 11,250 கிலோ ஆகும். ஈரமில்லாத எடையில் நாள்தோறும் பதினோரு டன். ஈரத்தோடு சேர்த்தால் அதன் எடை பல மடங்காகிவிடும்.

இத்திண்மங்கள் எவ்வாறு பிரிகின்றன? நிலையத்துக்குள் வரும் கழிவுநீர் முதலில் கம்பிச் சல்லடைகளில் நெகிழிப் பைகளையும் துணிகளையும் விட்டுச்செல்கிறது. அடுத்த தொட்டியில் மணல் படிகிறது. பிறகு படிவுத்தொட்டியில் நீர் அசையாதிருக்கும்போது கனமான கசடு அடியில் தங்குகிறது. கரைந்து நிற்கும் கரிமப் பொருள்களை நீக்க, காற்றோட்டத் தொட்டியில் நுண்ணுயிர்களுக்குக் காற்று ஊட்டப்படுகிறது. நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு பெருகித் திரள்திரளாகக் கீழே படிகின்றன. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1914ஆம் ஆண்டு ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் வெளியிட்ட முறை இது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் உலகின் பெருநகரங்கள் பலவும் இதனையே நம்பியிருக்கின்றன.

படிந்த கசடு காற்றுப்புகாத செரிப்பான்களுக்குச் செல்கிறது. ஏறத்தாழ 35 பாகை செல்சியசு வெப்பத்தில், சில வாரங்கள், காற்றை விரும்பாத நுண்ணுயிர்கள் அதனைச் செரிக்கின்றன. மீத்தேன் மிகுந்த எரிவாயு கிடைக்கிறது. சிற்றூர்களில் சாண எரிவாயுக் கலம் செய்வதைத்தான் இங்குப் பெரிய அளவில் செய்கின்றனர். சென்னையின் கழிவுநீர் நிலையங்கள் சிலவற்றில் இவ்வாயுவைக்கொண்டு மின்சாரம் எடுக்கப்படுகிறது. செரித்தபின் மிஞ்சும் கருநிறக் கசடு, மையவிலக்கு எந்திரத்தில் நீர் நீக்கப்பட்டு, ஈரமண் போன்ற கட்டிகளாக வெளிவருகிறது.

தூய்மையான நீருக்கு ஒரகடம்வரை குழாய் போட்டோம். இக்கட்டிகளுக்கு அத்தகைய உறுதியான வழி ஒன்றை நாம் இன்னும் அமைக்கவில்லை.

எருவாகும் தகுதி

மண்ணிலிருந்து நெல்லாகவும் காயாகவும் நகரத்துக்குள் போன தழைச்சத்தும் மணிச்சத்தும் கழிவுநீரின் வழியாகவே வெளியேறுகின்றன. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரசு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தழைச்சத்தைக் காற்றிலுள்ள நைட்ரசனிலிருந்து ஆலைகளில் உருவாக்கிக்கொள்ளலாம். பாஸ்பரசை அவ்வாறு உருவாக்க இயலாது. பாறையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அப்பாறையின் பெரும்பங்கை இந்தியா வெளிநாடுகளிலிருந்து வாங்குகிறது. ஒருபுறம் கப்பலில் மணிச்சத்தை இறக்குமதி செய்துகொண்டு, மறுபுறம் கசடோடு அதனைக் குப்பைமேட்டில் புதைப்பது சிக்கனமான குடும்பத்தின் செயலாகத் தோன்றவில்லை.

கழிவு எனப்பட்டதை வயலுக்குத் திருப்பித் தருவது தமிழ் உழவர்க்குப் புதிதன்று. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை மடக்கினர். கோடையில் ஏரி வண்டலை வண்டிகளில் அள்ளிவந்து கொட்டினர். மாட்டுத்தொழுவத்துக் குப்பையை எருக்குழியில் மட்கவைத்தே வயலுக்கு எடுத்துச் சென்றனர். உழவு அதிகாரத்தில் வள்ளுவர் உழுவதைக் காட்டிலும் எருவிடுவதை உயர்த்திச் சொல்கிறார். அதே இடத்தில் பயிரைக் காவல் காப்பதையும் சேர்த்துச் சொல்கிறார். அன்றைய காவல், மேய வரும் மாட்டிடமிருந்தும் பறவையிடமிருந்தும். இன்று ஆய்வகத்தையும் அக்காவலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கழிவுநீர்க் கசடை உயர்வெப்பத்தில் உலர்த்தி, மூட்டைகளில் அடைத்து, 1926ஆம் ஆண்டுமுதல் உரமாக விற்றுவருகிறது. சுவிட்சர்லாந்தோ 2006ஆம் ஆண்டுமுதல் கசடை வயலில் இடுவதையே தடைசெய்து, எரித்துவிடுகிறது. இரண்டும் அறிவியலில் முன்னேறிய நாடுகள். முடிவுகள் மட்டும் எதிரெதிர். எந்த நாடு அறிந்தது, எந்த நாடு அறியாதது என்று இதில் வழக்காடிப் பயனில்லை. கசடில் என்ன கலந்திருக்கிறது, அதனை யார் அளந்தார், எப்போது அளந்தார் என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இரு வகைத் தீங்குகள்

கசடில் உள்ள தீங்குகளை உயிருள்ளவை, உயிரற்றவை என இரண்டாகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது எளிது.

உயிருள்ளவை நோய்க்கிருமிகள். வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு முதலிய நோய்களை உண்டாக்கும் பாக்டீரியாக்களும், வைரசுகளும், குடற்புழுக்களின் முட்டைகளும் இதில் அடங்கும். இவற்றுள் உருண்டைப்புழுவின் முட்டை மிகவும் பிடிவாதமானது. ஈரமண்ணில் மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கிற்கூட உயிரோடிருக்கும். செருப்பின்றி வயலில் இறங்கி, கையால் நாற்று நடுவோர்க்கு இதனால் வரும் கேட்டை விரித்துரைக்கத் தேவையில்லை. எனினும் இவ்வகைத் தீங்குக்கு மாற்று உண்டு, அது வெப்பம். கசடை வைக்கோல், இலைதழை, காய்கறிக் கழிவு ஆகியவற்றோடு கலந்து குவித்தால், மட்கும்போது குவியல் தானே சூடேறுகிறது. திறந்த வரிசைக் குவியல்களில் 15 நாள்களேனும் 55 பாகை வெப்பம் நிற்க வேண்டும். அக்காலத்துக்குள் ஐந்து முறையாவது கிளறிவிட வேண்டும் என்கிறது 1993ஆம் ஆண்டில் அமெரிக்கா வகுத்த விதி. கிளறுவது ஏன்? குவியலின் நடுப்பகுதி கொதிக்கும், வெளிப்பகுதி குளிர்ந்திருக்கும். வெளியே இருப்பதும் ஒருமுறை உள்ளே சென்று வர வேண்டும். மட்கி முடித்த பின்னரும் சோதனை உண்டு. மனிதக் கழிவிலிருந்து கிடைக்கும் எருவில், உலர்எடை ஒரு கிராமுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட புழுமுட்டை இருக்கலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு அளவு.

உயிரற்ற தீங்குகளோ காட்மியம், ஈயம், நிக்கல், குரோமியம், பாதரசம் போன்ற உலோகங்களும், எளிதில் சிதையாத வேதிப்பொருள்களும் ஆகும். இவற்றை எத்தனை நாள் மட்கவைத்தாலும் அழிக்க முடியாது. மட்கும்போது கரிமப் பொருள் குறைவதால் உலோகத்தின் செறிவு கூடவும் செய்யும். ஜப்பானின் ஜின்ட்சு ஆற்றுப்படுகையில், சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் நெல்வயல்களில் சேர்ந்து, அரிசியின் வழியே மக்களின் சிறுநீரகத்தையும் எலும்பையும் சிதைத்தது. வலியால் நோயாளிகள் எழுப்பிய ஒலியே அந்நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’ எனப் பெயராயிற்று. 1968ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு அதன் காரணத்தை ஏற்றுக்கொண்டது. அண்மையில், 2022ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மேய்ன் மாநிலம் கசடை நிலத்தில் இடுவதைத் தடைசெய்தது. ஒட்டாத சமையற்கலம் முதலியவற்றில் பயன்படும் ஒருவகை ஃபுளோரின் சேர்மங்கள் கசடின் வழியே பண்ணைகளிலும் கிணறுகளிலும் சேர்ந்திருந்ததே காரணம். முன்பு இட்டவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு இட்டவர்களல்லர். அவர்கள் அளந்து பார்த்த பொருள்களின் பட்டியலில் அச்சேர்மங்கள் இல்லை.

நம் அடையாற்றுப் பகுதியிலும் உலோகத்தின் நினைவு ஊர்ப்பெயராகவே நிலைத்திருக்கிறது. குரோமியம் கொண்டு தோல் பதனிட்ட குரோம் லெதர் நிறுவனத்தால் பெயர்பெற்றதே குரோம்பேட்டை.

[தெரிந்து தெளிவோம்: இந்தியாவின் 1985ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, நகரக் குப்பையிலிருந்து பெறும் மட்கு உரம் ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், நிக்கல் 50 மில்லிகிராம், குரோமியம் 50 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம், பாதரசம் 0.15 மில்லிகிராம் ஆகிய அளவுகளை மிஞ்சக்கூடாது.]

வெப்பம் தீர்க்காத இத்தீங்கை எங்கே தடுப்பது? கழிவுநீர் நிலையத்தின் வாயிலில் தடுக்க நினைப்பது காலங்கடந்த செயல். வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவுநீரும் ஒரே குழாயில் கலந்த பிறகு அவற்றைப் பிரிக்க வழியில்லை. ஆகவே உலோகப் பூச்சுப் பட்டறையின் நீர் அப்பட்டறையிலேயே தூய்மை செய்யப்பட வேண்டும். அங்கு கிடைக்கும் கசடு அபாயக் கழிவாகவே கருதப்பட்டு, அதற்கென அமைந்த பாதுகாப்பான கிடங்குக்குச் செல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அத்தகைய கிடங்கு உண்டு. ஊராரின் கழிவுநீர்க் கசடு வேறு. ஆலையின் கசடு வேறு. முன்னதை எருவாக்கலாம். பின்னதை ஒருபோதும் வயலருகே கொண்டுவரலாகாது. ஸ்ரீபெரும்புதூர் போன்ற பகுதியில், விடுதியும் ஆலையும் பட்டறையும் அடுத்தடுத்து இருப்பதால், இவ்வேறுபாட்டைக் காப்பதே மிகக் கடினமான வேலை.

சாக்கடை சொல்லும் செய்தி

கண்காணிப்பு என்றவுடன் ஒரு குப்பியில் நீரெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது நினைவுக்கு வரும். அது போதாது. பகல் பதினொரு மணிக்கு எடுத்த ஒரு குப்பி நீர் பகல் பதினொரு மணியின் செய்தியை மட்டுமே சொல்லும். இரவு இரண்டு மணிக்குத் திறந்துவிடப்பட்ட அமிலத்தை அது அறியாது. அதனால் இருபத்து நான்கு மணிநேரமும் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த கூட்டு மாதிரியை ஆய்வது முறை. அமில காரத் தன்மையையும் மின்கடத்துதிறனையும் இடைவிடாது அளக்கும் கருவியைக் குழாயிலேயே பொருத்தினால், அளவு திடீரென மாறும் நேரத்தைக்கொண்டு அக்கழிவு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைத் தேடிச்செல்ல முடியும்.

கழிவுநீரைப் படிக்கக் கற்றவர்கள் அதில் மக்களின் உடல்நலத்தையும் படித்தனர். மும்பையில் 2001ஆம் ஆண்டுமுதல் சாக்கடை நீரில் போலியோ வைரசைத் தேடினர். வைரசு தொற்றிய குழந்தைகளுள் மிகச் சிலருக்கே கால் முடங்குகிறது. மற்றவர்களுள் பெரும்பாலோரிடம் அறிகுறி தெரிவதில்லை. ஆனால் அவர்களுடைய கழிவில் வைரசு வெளிப்படும். எனவே நோயாளி ஒருவரும் இல்லாத பகுதியிலும் நோய் நடமாடுவதைச் சாக்கடை காட்டிக்கொடுத்தது. 2014ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியா போலியோ அற்ற நாடாகச் சான்று பெற்றதில் இக்கண்காணிப்புக்கும் பங்குண்டு. கொரோனாப் பெருந்தொற்றின்போது, 2020இல் ஊரடங்குக்குப் பின்னர், சென்னையின் கழிவுநீரில் அவ்வைரசின் மரபணுக்கூறுகளை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஒரு விடுதியில் காய்ச்சல் கண்ட தொழிலாளி, கூலி போய்விடுமே என்று அதனை மறைக்கலாம். ஆயிரம் பேரின் கழிவுநீர் ஒருவர் பெயரையும் சொல்லாமல் உண்மையைச் சொல்லிவிடும். இம்முறையின் சிறப்பு அதுவே என்பது என் கருத்து.

குழாய் இல்லாத ஊர்களில்

இதுவரை சொன்னவை பாதாளச் சாக்கடை உள்ள நகருக்குப் பொருந்தும். தமிழ்நாட்டின் பேரூராட்சிகளிலும் சிற்றூர்களிலும், தொழிற்பகுதி விடுதிகள் பலவற்றிலும், கழிவு வீட்டடித் தொட்டியில்தான் தங்குகிறது. தொட்டி நிறைந்ததும் லாரி வந்து உறிஞ்சிச் செல்கிறது. அந்த லாரி எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தொட்டிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும் அத்தொட்டிகளில் உயிர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. எருவைப் பற்றிய எந்தப் பேச்சும் இவ்வுண்மையைத் தாண்டிச் செல்லக்கூடாது.

கசடு கழிவு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிகளைத் தமிழ்நாடு அரசு 2014ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2017ஆம் ஆண்டில், மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், நாளொன்றுக்கு 23,000 லிட்டர் கசடைச் சுத்திகரிக்கும் நிலையம் தொடங்கப்பெற்றது. லாரிகள் கொண்டுவரும் கசடு அங்கு உலர்படுகைகளில் பரப்பப்படுகிறது. நீர் கீழே வடிகிறது. திண்மம் வெயிலில் காய்கிறது. பெரிய எந்திரங்கள் இல்லாத, நம் வெயிலை நம்பிய அமைப்பு இது. கர்நாடகத்தின் தேவனஹள்ளியில் 2015ஆம் ஆண்டில் அமைந்த நிலையம் இதற்கு முன்னோடி. அங்கே உலர்ந்த கசடை ஊரின் மட்கும் குப்பையோடு கலந்து கூட்டு எருவாக்குகின்றனர். ஆலைக் கழிவு கலவாத வீட்டுக் கசடு என்பதால், இத்தகைய சிறு நிலையங்களின் எருவை நம்புவதற்குப் பெருநகர நிலையத்தைவிடக் காரணம் அதிகம். ஆனால் ஒரு லாரி மட்டும் வீட்டுத் தொட்டியிலிருந்து வராமல் பட்டறைத் தொட்டியிலிருந்து வந்தால், அந்த முறை உலர்த்திய படுகை முழுவதும் கெட்டுப்போகும். லாரி எங்கிருந்து வந்தது என்று வாயிலில் குறித்துக்கொள்ளும் பதிவேடு, ஆய்வகக் கருவிக்குச் சற்றும் குறைந்ததன்று.

எருவைப் பெறும் உழவரிடமும் சில கேள்விகள் இருக்க வேண்டும். எந்தக் குவியலிலிருந்து வந்தது? அக்குவியல் எத்தனை நாள், எந்த வெப்பத்தில் இருந்தது? உலோக அளவு சோதிக்கப்பட்டதா? எந்தப் பயிருக்கு இடலாம்? கிருமி முற்றிலும் நீங்காத கசடு இட்ட நிலத்தில், மண்ணைத் தொட்டு வளரும் காய்களைப் பறிக்க 14 மாதம் காத்திருக்க வேண்டும் என அமெரிக்க விதி சொல்கிறது. கிழங்குகளுக்கு அது 20 மாதம் முதல் 38 மாதம் வரை நீள்கிறது. கீரையும் முள்ளங்கியும் விளையும் தோட்டத்தில் இவ்வெருவை இடலாகாது என்பது இதிலிருந்து தெளிவாகும். மரக்கன்றுகளும் தீவனப்புல்லும் இல்லாத ஊர் ஏது? தொடக்கம் அங்கிருந்து அமையலாம். மூட்டையின்மேல் இவ்விவரங்கள் தமிழில் அச்சிடப்பட்டிருந்தால், செம்பரம்பாக்கத்து உழவர் ஒருவர் தம் வரப்பில் நின்றே அதனைப் படித்துப் பார்த்து, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட முடியும்.

கற்பவை கற்றபின்…

உங்கள் பள்ளியின் கழிவறைத் தொட்டி கடைசியாக எப்போது காலிசெய்யப்பட்டது? அக்கழிவு எங்கே கொண்டுசெல்லப்பட்டது? தலைமையாசிரியரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

உங்கள் ஊர் ஏரியின் தலைமடைப் பகுதியில் உள்ள குடியிருப்புகள், பட்டறைகள், ஆலைகள் ஆகியவற்றைக் காட்டும் நிலப்படம் ஒன்றை வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

“கழிவுநீர்க் கசடில் விளைந்த தீவனத்தை உண்ட மாட்டின் பாலை வாங்குவேன் / வாங்கமாட்டேன்” – இரு அணிகளாகப் பிரிந்து, எந்தெந்த ஆய்வு முடிவுகளைக் கேட்டபின் இம்முடிவுக்கு வந்தீர்கள் என்பதை முன்வைத்துக் கலந்துரையாடுக.